முள் கீறிய கை

1796ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் பேர்க்லி என்னும் ஊரையடுத்து, சாரா நெல்ம்ஸ் என்ற பால் கறக்கும் பெண்ணின் கையிலே கொப்புளங்கள் எழுந்தன. அவள் கறந்த பசுக்களிடமிருந்து தொற்றிய கோவம்மை அது. அக்கொப்புள நீரையே எட்வேட் ஜென்னர் என்ற வைத்தியர் எட்டு வயதுச் சிறுவனொருவனின் கையிற் கீறிச் செலுத்தினார். பெரியம்மைத் தடுப்பு முறை பிறந்த இக்கதையைப் பலரும் அறிவர். ஆயினும் ஜென்னர் எழுதிவைத்த ஒரு சிறு செய்தியை அறிந்தோர் சிலரே: நோய் தொற்றிய அவ்விடத்தை முன்னரே ஒரு முள் கீறியிருந்தது.

அக்கீறலே வாயிலாயிற்று. நமது மேற்றோலின் புறப்படை உயிரற்றுத் தடித்த கலங்களாலான மதில். வைரசோ உயிருள்ள கலத்தினுள் மட்டுமே பெருகவல்லது. ஆகவே மதில் முழுமையாக உள்ளவரை அது வெளியே நிற்கும். வெடிப்போ தீப்புண்ணோ நேர்ந்தால் உட்புகும்.

ஆடுகளின் உதட்டைச் சுற்றிப் பொருக்குப் புண்ணாக வரும் ‘ஓர்ஃப்’ என்னும் நோயும் இத்தகையதே. உலர்ந்த பொருக்கில் அதன் வைரசு மாதக்கணக்கில் அழியாதிருக்கும். குட்டிக்குப் புட்டிப்பால் ஊட்டுவோர், ஆடறுப்போர் ஆகியோரின் விரலிற் சில நாட்களிற் செம்பரு தோன்றி, நீர் கசிந்து, பொருக்குத் தட்டி, ஆறு வாரமளவில் தானே ஆறிவிடும். துருக்கியில் குர்பானிப் பெருநாளை அடுத்து இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதுண்டு. பெனிசிலின் வைரசைக் கொல்லாது; கத்தி வைப்பதும் பெரும்பாலும் வீண் வேதனையே.

ஆனால் தீப்புண் ஆறாத கையில் அதே பரு பெரிதாகப் படரலாம். கரப்பான் உடையோரின் நிலை இன்னும் கவலைக்குரியது. அவர்களுக்குத் தோலின் மதில் பல இடங்களிற் பழுதுபட்டிருப்பதோடு, தோலின் எதிர்ப்பாற்றலும் குன்றியிருக்கும். கோவம்மை அவர்களிடம் உடலெங்கும் பரவி, அரிதாக உயிரையும் கவர்ந்துள்ளது. 1980இல் பெரியம்மை ஒழிந்ததென அறிவிக்கப்படுமுன், கரப்பான் கண்ட குழந்தைகளுக்கு அம்மை குத்த வைத்தியர் தயங்கியதும் இதனாலேயே. இக்காலத்திற் கோவம்மை பசுவினின்றும் வருவது அரிது. எலி பிடிக்கும் பூனையே ஐரோப்பாவில் அதனை வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

கையிற் காயமுடையவர் அதனை நீர் புகாத கட்டால் மூடி, கையுறை அணிந்தே பட்டிக்குட் செல்லவேண்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். ஆறாத பருவுடன் வைத்தியரிடம் செல்பவர், தாம் தொட்ட ஆட்டையோ மாட்டையோ பற்றி முதலிலேயே கூறிவிடவேண்டும். கூறாதவிடத்து, அப்பரு அந்திராக்ஸ் எனப் பிழையாகக் கருதப்படவும் கூடும்.