அதிரும் பலகையும் முதியோர் கால் வலிவும்

அறுபதைக் கடந்த நெசவாளி ஒருவர் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியுமாயின், அவ்வீட்டில் ஒரு தறி நின்றுவிடுகிறது. அவருக்குப் பணிவிடை செய்ய மற்றொருவர் வேலையை விட நேர்வதால், இரண்டாவது தறியும் நின்றுவிடுகிறது. வரப்பில் கால் இடறிய விவசாயியின் நிலையும் இத்தகையதே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுவதன் காரணமாக ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் 60 வயதுக்கு மேற்பட்டோரே மிகுதி. ஆகவே முதியோரின் கால் வலிவும், தள்ளாடாது நிற்கும் திறனும் குடும்ப வருவாயைச் சார்ந்த பொருள்களாம்.

இத்திறனை வளர்க்கும் என்று கூறி, ‘அதிர்வுப் பலகை’ என்னும் பொறி இக்காலத்தில் நகரங்களில் விற்கப்படுகிறது. முதியோர் நலனுக்காகச் சங்கம் இத்தகைய பொறி ஒன்றை வாங்கலாமா என்று அங்கத்தினர்கள் வினவுவது இயல்பே. பணத்தைச் செலவிடுமுன் அதன் தன்மையை ஆராய்வது நமது கடமையாகும்.

முழங்காலைச் சற்றே மடக்கி ஒருவர் அப்பலகைமேல் நிற்க வேண்டும். அது நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 50 முறை, மிகச் சிறிய அளவில் அசையும். அந்த அசைவினால் தசைநார்கள் சட்டென நீளுகின்றன. நீண்ட தசை நரம்பின் தூண்டுதலால் தானே சுருங்குகிறது. அவ்வாறு நாம் எண்ணாமலேயே தசை வேலை செய்கிறது என்பதே இதன் அடிப்படை.

“எங்கள் விசைத்தறிக் கூடமே நாள் முழுதும் அதிர்கிறதே, அதுவும் பயிற்சிதானே?” என்று இராஜபாளையத்திலும், மருத்துவத் துணி நெய்யும் சத்திரப்பட்டியிலும் சிலர் கேட்கக்கூடும். அன்று என்பதே விடை. பலகையின் அதிர்வு அளவறிந்து, சில நிமிடங்களே, நிற்கும் நிலையில் கொடுக்கப்படுவது. டிராக்டர் இருக்கையில் ஆண்டுக்கணக்கில் முதுகெலும்பு வாங்கும் குலுக்கலோ இடுப்புவலியைத் தருவது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறியாளரின் கால்கள் மிதியை ஓயாது மிதிக்கின்றன. ஆயினும் உடல் அமர்ந்தே இருப்பதால், நின்று சமன் செய்யும் பழக்கம் அவ்வேலையில் கிட்டுவதில்லை.

அதிர்வைக் கொண்டு நோய் தீர்க்கும் எண்ணம் புதிதன்று. இரயிலிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தொலைவு பயணம் செய்த நடுக்குவாத நோயாளிகள் சற்று நலமடைந்ததை அறிந்த பாரிஸ் நகர மருத்துவர் ஷார்கோ, 1892இல் அதிரும் நாற்காலி ஒன்றைப் பற்றி எடுத்துரைத்தார். 2012இல் சிகாகோவில் அம்முறையை மீண்டும் சோதித்தனர். நாற்காலியில் அதிர்வு பெற்றோர் முன்னேறினர். அதிர்வின்றி அமைதியாக அமர்ந்திருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு முன்னேறினர்! நம்பிக்கையும் ஓய்வும் தரும் பலனைப் பொறியின் பலன் என எண்ணிவிடலாகாது என்பது இதனால் தெளிவாகிறது.

இதனால் பலகையை முற்றிலும் ஒதுக்குவதும் முறையன்று. ஹாங்காங்கில் முதிய பெண்மணிகள் 710 பேரைக் கொண்டு 18 மாதம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியாயிற்று. பலகையில் நின்றோருள் நூற்றுக்கு சுமார் 19 பேரும், நில்லாதோருள் சுமார் 29 பேரும் கீழே விழுந்தனர். இது நல்ல பலனே. ஆனால் நில்லாதோர் வேறு பயிற்சி எதனையும் மேற்கொள்ளாது வழக்கம்போல் வாழ்ந்தவர்கள் என்பதைக் கருத வேண்டும். எலும்பு உறுதிப்படும் என்ற கூற்றோ மெய்ப்படவில்லை. 2011இல் வெளியான டொராண்டோ ஆய்வில் 202 பெண்கள் ஓராண்டுக்குச் சோதிக்கப்பட்டும், எலும்பின் அடர்த்தியில் பலன் காணப்படவில்லை.

இனி, பொறியில்லாப் பயிற்சியின் கணக்கைப் பார்ப்போம். உலகெங்கும் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டில், உடற்பயிற்சி விழுதல்களை நூற்றுக்கு 23 அளவு குறைப்பதாகக் கண்டனர். அவற்றுள் சமநிலைப் பயிற்சியே முதன்மையானது. வயது மிகுந்துவிட்டதென்று தயங்கவும் வேண்டுவதில்லை. 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் எட்டே வாரப் பயிற்சியில் தங்கள் கால் வலிவை இரு மடங்குக்கும் மேலாகப் பெருக்கினர்.

பயிற்சிகள் எளியனவே. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல். தூணைப் பற்றியவாறு குதிகாலை உயர்த்தி இறக்குதல். ஒரு காலின் விரல் நுனியை மறு காலின் குதி தொட, கோடு பிடித்தாற்போல் நடத்தல். ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்றல். தொடக்கத்தில் இரு கையாலும் தூணைப் பற்றலாம். பின்னர் ஒரு கை. அதன்பின் ஒரு விரல் போதும். தரை உலர்ந்திருக்க வேண்டும். அருகில் ஒருவர் நிற்க வேண்டும். மார்வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி, மருத்துவரைக் காண வேண்டும். இத்தகைய பயிற்சி வாரம் மூன்று நாளேனும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது.

பொறியில் நிற்க விரும்புவோர் முதலில் மருத்துவரைக் கேட்டல் அவசியம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும், எலும்பு முறிந்தோ அறுவை நடந்தோ சில காலமே ஆனவர்களுக்கும், காலில் இரத்தக்கட்டி உள்ளவர்களுக்கும் அது கேடு விளைவிக்கலாம்.

தனியே தொடங்கும் பயிற்சி பத்து நாளில் நின்றுவிடுவது வழக்கம். பலர் கூடிச் செய்யுமிடத்து, வாராதவரைத் தேடி ஒருவர் வருவார். ஆண்டாள் கோயில் தேரின் வடம் பலர் கைபட்டே நகர்வதை ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் அறிவர். எனவே சங்கங்கள் பொறிக்கென நிதி ஒதுக்குமுன், வாரம் மூன்று மாலை ஒரு கூடத்தையும் சில உறுதியான நாற்காலிகளையும் முதியோருக்கென ஒதுக்குவது நலம். அரசு மருத்துவமனையில் உள்ள இயன்முறை மருத்துவரைக் கலந்து முறைகளைக் கற்றுக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இயன்முறை மருத்துவம் இடம்பெற்றது.

ஆறு மாதம் இவ்வாறு நடத்தி, எத்தனை பேர் கையூன்றாமல் எழுகின்றனர், எத்தனை பேர் விழுந்தனர் என்று பதிவேட்டில் குறித்து வருக. அதன்பின்னும் பொறி தேவையெனில், அக்கணக்கை முன்வைத்துப் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.