தளத்துக்கு மேல் இரண்டங்குலம்

சித்திரை மாதத்தில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துத் தளம் போட்ட வீடு ஒன்றில், இரவு ஒன்பது மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கதகதவென்று இருக்கும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் அப்போதுதான் வீட்டுக்குள் இறக்குகிறது. மின்விசிறியைச் சுழலவிட்டாலும் அந்த வெக்கைதான் கீழே வருகிறது. குடமுருட்டி ஆறு பிரிகிற ஊரிலேயே இந்த நிலைமை.

கீற்றுக் கொட்டகையில் இந்தத் தொல்லை குறைவு. கீற்று இடுக்குகளில் தங்கும் காற்று வெப்பத்தைத் தடுத்துவிடும். ஆனால் மழைக்கும் நெருப்புக்கும் பயந்து வாழ்ந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டாயம் வேண்டும். 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க, 360 சதுர அடி வீடு தரும் தமிழக அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் நடக்கிறது. பாதுகாப்பு வந்த வீட்டில் குளிர்ச்சியும் இருக்க வேண்டாமா?

அதற்கு வழி ஃபோம் அட்டை. கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கைத்தான் அது கடத்தும். கூரை வழியாக வெப்பம் இறங்கும் அளவு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018’ (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்பது கணக்கு). வெறும் ஐந்தங்குலத் தளத்தில் இது 3-க்கு மேல். இரண்டங்குல அட்டை போட்டால் சுமார் 0.6.

அட்டையைத் தளத்துக்கு மேலே போடுவதே நல்லது, தளமே சூடாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்க, தண்ணீரை அதிகம் உறிஞ்சாத எக்ஸ்பிஎஸ் (XPS) ரக ஃபோம் ஏற்றது. முதலில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் இடைவெளி இல்லாமல் அட்டை, பிறகு வாட்டம் கொடுத்துக் கான்கிரீட், கடைசியில் வெள்ளை ஓடு. அட்டையை வெயில் படும்படி விட்டால் நைந்துபோகும். வீட்டுக்குள் வெறும் தெர்மாகோலை ஒட்டவே கூடாது. தீப்பிடித்தால் நச்சுப்புகை உயிரைக் குடிக்கும்.

ஃபோம் வெக்கையைத் தடுக்குமே தவிர, தானாகக் குளிரூட்டாது. இரவில் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மேற்குச் சுவருக்கு நிழல் வேண்டும். ஏசி உள்ள வீட்டில் மின்கட்டணம் குறையும். ஏசி வாங்க வழியில்லாத வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள். அந்தப் பலன்தான் பெரிது.

ஆகவே புதுவீடு கட்டுகிறவர்கள் தட்டோடு பதிக்கும் முன்பே கொத்தனாரிடம் இதைப் பேசிவிடுங்கள். பிறகு செய்வதானால் ஓட்டைப் பெயர்க்க வேண்டிவரும். அரசு கட்டித்தரும் வீடுகளின் மதிப்பீட்டிலும் இந்த இரண்டங்குலத்துக்கான செலவைச் சேர்க்க வேண்டும். குடிசையிலிருந்து வருகிறவர்களுக்கு வெந்து புழுங்காத வீட்டைக் கொடுப்பதும் அரசின் பொறுப்புதான்.