ஏசி போட்டா கேஸ் விலை ஏறுமா?

மே மாசம், ராத்திரி பத்து மணி. தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம்னு எல்லா பக்கமும் ஏசி ஓடுது. இதனால இயற்கை எரிவாயு எடுத்து விக்கிற கம்பெனிக்கு கூடுதல் லாபம் வருமா? சமையல் சிலிண்டரைச் சொல்லல. கிணறு தோண்டி எடுக்கிற வாயுவைச் சொல்றேன்.

அமெரிக்காவில் பதில் சுலபம். அங்கே சுமார் 40 சதவீத மின்சாரம் எரிவாயுவில் இருந்துதான் வருது. வெயில் ஏறினா தேவை ஏறும், விலையும் ஏறும். உற்பத்தியாளருக்குக் கொண்டாட்டம்.

நம்ம ஊர் கதை வேற. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட். ஓஎன்ஜிசி இங்கேயே எடுக்கிற வாயுவில் ஓடுற குத்தாலம், திருமாகோட்டை, வழுதூர் நிலையங்களின் திறன் மொத்தமே சுமார் 400 மெகாவாட். அந்தப் பழைய வயல்களின் வாயு விலையை வெயில் தீர்மானிக்கிறதில்ல. 2023 ஏப்ரலில் இருந்து, இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம், அதுக்கும் 6.5 டாலர் உச்சவரம்பு. 2025 ஏப்ரலில் அது 6.75 ஆச்சு. இந்த ஃபார்முலாவில் உங்க ஏசி எங்கேயும் இல்லை.

சரி, கூடுதல் வாயு வேணும்னா? கப்பலில் வர்ற எல்என்ஜி. எண்ணூரில் 2019 முதல் அதுக்கு டெர்மினல் இருக்கு. ஆனா ஜப்பான், கொரியாவும் அதே சந்தையில் போட்டி போடுறாங்க. ஒரு கணக்கு போடுவோம். ஒரு எம்எம்பிடியூ வாயுவில், நல்ல நிலையத்தில் ஏறக்குறைய 145 யூனிட் மின்சாரம் கிடைக்கும். விலை 12 டாலர்னு வச்சுக்கிட்டா, எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல். குழாய்க் கட்டணம், வரி எல்லாம் தனி. இந்த விலைக்கு வாங்க ஆள் இல்லாததால், நாட்டின் பல எரிவாயு நிலையங்கள் சும்மா கிடக்குது. 2024 மே, ஜூன் மாதங்களில் அவற்றை ஓட்டச் சொல்லி மத்திய அரசே உத்தரவு போட வேண்டியிருந்தது.

இப்போ நம்ம பக்கம் பாருங்க. வீட்டு மீட்டரில் பகல் யூனிட்டும் ராத்திரி யூனிட்டும் ஒரே விலைதான். சூரிய மின்சாரம் நின்ன பிறகு வாங்குறது காஸ்ட்லின்னு நமக்குத் தெரியவே தெரியாது. உற்பத்தியாளருக்கும் வெயில் தெரியல, நமக்கும் விலை தெரியல. நடுவில் அந்த வித்தியாசத்தைச் சுமக்கிறது மின்வாரியம். அதன் கடன் ஒருநாள் கட்டண உயர்வா நம்ம வீட்டு வாசலுக்குத்தான் வரும்.