டிரைவர் கண்ணெதிரே சிக்னல்

பிரிட்டனின் வேல்ஸில் உள்ள கேம்ப்ரியன் ரயில்பாதை பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடாமலிருக்க, 1980களிலிருந்து அங்கே ரேடியோ டோக்கன் முறை இருந்தது. டிரைவர் சிக்னல் அறையோடு பேசி, அனுமதி கிடைத்த பிறகே வண்டியை எடுப்பார். அந்தக் கருவிகள் பழசாகிவிட, 2011-ல் ஐரோப்பிய டிஜிட்டல் சிக்னல் வந்தது. எதுவரை போகலாம், என்ன வேகத்தில் போகலாம், எல்லாம் டிரைவர் முன்னாலுள்ள திரையிலேயே தெரியும். அருமையான ஏற்பாடு.

ஆனால் 2017 அக்டோபரில் சிக்னல் கணினி ஒரு இரவு அணைந்து மீண்டும் இயங்கியபோது, தற்காலிக வேகக் கட்டுப்பாடுகள் திரைக்கு வராமல் போயின. மறுநாள் காலை, லெவல் கிராசிங்கை நெருங்கும் இடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டிய ரயில், சுமார் 80-ல் போனது. நல்லவேளை, விபத்து இல்லை. திரையில் ஏதோ கோளாறு என்று கவனித்துச் சொன்னவர், பணியிலிருந்த ஒரு டிரைவர்.