ஏழு கிலோவும் இனிய பயணமும்

விடுமுறை என்றதும் நம் உள்ளம் துள்ளுகிறது. சாரணியர் முகாம் பற்றிய அறிவிப்பு வந்துவிட்டாலோ, வகுப்பில் பேச்செல்லாம் அதைப் பற்றியே. ஆனால் பெயர் கொடுக்கும் நாளில் பாதிப் பேர் கை தூக்குவதில்லை. “வெட்டவெளியில் எப்படியம்மா தூங்குவாய்?” என்று பாட்டி கேட்கிறார். விமானப் பயணம் என்றாலோ, “அதெல்லாம் வசதி படைத்தவர்களுக்கு” என்று அப்பா பேச்சை முடித்துவிடுகிறார். பழக்கமில்லை, பணமில்லை என்ற இரண்டு காரணங்களால் வீட்டோடு தங்கிவிடும் மாணவியர் எத்தனையோ பேர். முகாமில் கிடைக்கும் சுகமும், விமானத்தில் கிடைக்கும் சிக்கனமும் பணத்தால் மட்டும் வருவன அல்ல, முன்யோசனையால் வருவன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். சாரணர் இயக்கத்தின் விதை அதுவே. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் சாரணர்கள் கூடியபோது, அழைக்கப்படாமலே சில சிறுமியர் அங்கு வந்து, “எங்களுக்கும் இடம் வேண்டும்” என்று கேட்டனர். அதன் பயனாக 1910இல் பெண்களுக்கென்று தனி இயக்கம் தோன்றியது. ஆகவே முகாம் வாழ்க்கை நமக்கு யாரோ இரங்கிக் கொடுத்த சலுகை அன்று. நம்மைப் போன்ற சிறுமியர் கேட்டுப் பெற்ற உரிமை. “தயாராய் இரு” என்பது அவ்வியக்கத்தின் குறிக்கோள். அந்த இரண்டு சொற்களில் பயணக் கலை முழுவதும் அடங்கிவிடுகிறது.

மூட்டை கட்டுதல்

முதலில் மூட்டையைக் கவனிப்போம். வளரும் வயதிலுள்ள நாம் முதுகில் சுமக்கும் எடை, நம் உடல் எடையில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நலம். 40 கிலோ எடையுள்ள மாணவி ஏறத்தாழ 6 கிலோ சுமக்கலாம். கனமான பொருள்களை முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்தில் அடுக்க வேண்டும். போர்வை, துணி போன்ற இலேசானவை அடியிலும் வெளிப்புறத்திலும் இருக்கலாம். இவ்வாறு அடுக்கினால் பை நம்மைப் பின்னால் இழுக்காது.

எடுத்து வைக்க நினைக்கும் பொருள்களை எல்லாம் முதலில் பாயில் பரப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் பார்த்து, “இது இல்லாமல் இரண்டு நாள் இருக்க முடியாதா?” என்று கேட்க வேண்டும். முடியும் என்றால் அதனை வீட்டிலேயே விட்டுவிடலாம். நால்வர் தங்கும் கூடாரத்துக்கு நான்கு சோப்புப் பெட்டியும் நான்கு வாளியும் எதற்கு? பங்கிட்டுக் கொண்டால் சுமையும் குறையும், செலவும் குறையும், தோழமையும் வளரும். ஒரு மாற்று உடை மட்டும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கட்டும். மழை வந்தாலும் அது நனையாது.

பெண்களாகிய நாம் மாதத்தின் சில நாள்களை எண்ணியே முகாமைத் தவிர்ப்பதுண்டு. அதற்குத் தேவையானவற்றையும், சில பழைய நாளிதழ்களையும், மூடக்கூடிய ஒரு பையையும் தனியே வைத்துக்கொண்டால் அச்சத்துக்கு இடமில்லை. தலைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இது வெட்கப்பட வேண்டிய செய்தியே அன்று.

கூடாரமும் உறக்கமும்

கூடாரம் அடிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இரவின் சுகம் அடங்கியுள்ளது. இடம் சற்று மேடாக இருக்க வேண்டும். வறண்ட ஓடையின் மணல் மெத்தை போலத் தோன்றும். ஆனால் மலையில் எங்கோ பெய்த மழை நள்ளிரவில் அங்கு வெள்ளமாக வந்துவிடலாம். பெரிய மரத்தின் அடியும் ஆகாது. காற்றில் கிளை முறிந்து விழலாம்; இடி மின்னலின்போது ஆபத்தும் உண்டு. வாசல் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். முளைகளைக் கூடாரத்துக்கு அப்பால் சாய்ந்திருக்குமாறு அடித்தால் பிடிப்பு உறுதியாக இருக்கும். பருத்திக் கயிறோ சணல் கயிறோ கட்டியிருந்தால், இரவில் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். ஏனெனில் அவை நனைந்தால் சுருங்கி முளையையே பிடுங்கிவிடும். கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழை நீரை அதுவே உள்ளே கொண்டுவரும். அதன் ஓரங்களை உள்பக்கமாக மடித்துவிட வேண்டும்.

குளிர் மேலிருந்து வருவதாகவே நாம் நினைக்கிறோம். ஆனால் உறங்கும்போது நம் உடல் வெப்பத்தைப் பெரிதும் இழுத்துக்கொள்வது தரைதான். ஆகையால் மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிட, ஒன்றைக் கீழே விரிப்பதே மேல். பாய், அதன்மேல் நாளிதழ், அதன்மேல் ஜமுக்காளம் என்று விரித்துப் பாருங்கள். விலை உயர்ந்த உறக்கப்பை வாங்க இயலாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு போர்வையை நீளவாட்டில் மடித்து, ஓரத்தையும் கால்பக்கத்தையும் ஊக்குகளால் பிணைத்தால் பை தயார். அம்மாவின் பழைய நூல் புடவையை நான்காக மடித்து உள்ளே வைத்தால் இன்னும் கதகதப்பு. பகலில் வியர்த்த உடையோடு படுக்காமல், உலர்ந்த உடைக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் எல்லாரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு குளிரானாலும் கூடாரத்துக்குள் கரி அடுப்போ எரியும் அடுப்போ வைக்கவே கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே உயிரிழக்க நேரிடும். குளிருக்குப் போர்வையும் தலைத்துண்டும் காலுறையும் போதும்.

உணவும் நீரும்

அவல், பொரிகடலை, சத்துமாவு, புளிக்காய்ச்சல் ஆகியவை இலேசானவை, எளிதில் கெடாதவை. விறகு அடுப்பில் ஏற்றும் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் குழைத்த மண்ணையோ சோப்பையோ முதலிலேயே பூசிவிட்டால், கரி எளிதில் கழுவப்பட்டுவிடும். குடிநீரை மெல்லிய துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். கொடைக்கானல், உதகை போன்று 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடம் தேவை. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைந்து, நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதே காரணம். நம் அறிவியல் பாடம் அடுப்பங்கரைக்கும் வருகிறது அன்றோ!

காலையில் காலணியைத் தட்டிவிட்டே அணிய வேண்டும். தேளோ பூரானோ உள்ளே இருக்கலாம். கைவிளக்கு எப்போதும் கூடார வாசலில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கழிவறைக் குழி நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்கு மேல் தள்ளி அமைய வேண்டும். புறப்படும்போது நாம் தங்கிய சுவடே அங்கு இருக்கக் கூடாது.

தொலைவில் ஒரு முகாம்

நம் ஊர் முகாமோடு நம் பயணம் நின்றுவிட வேண்டியதில்லை. உலகச் சாரணியர் சங்கத்துக்குச் சில நாடுகளில் உலக மையங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான ‘சங்கம்’ நம் நாட்டில், புனே நகரில் 1966ஆம் ஆண்டு முதல் உள்ளது. சென்னையிலிருந்து அங்குச் செல்ல இரயிலில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே. இரயில்தான் பெரும்பாலும் மலிவு, அதில் ஐயமில்லை. ஆனால் துணைக்கு வரும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போக வர இரண்டு நாள் கூலி போய்விடுமானால், அந்தத் தொகையையும் இரயில் செலவோடு சேர்த்துத்தானே கணக்கிட வேண்டும்? அவ்வாறு கணக்கிடும்போது சில வேளைகளில் விமானம் நாம் அஞ்சும் அளவுக்குத் தொலைவில் இல்லை.

1932இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து மும்பைக்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அத்தபால் பின்னர் சென்னை வரையிலும் பறந்தது. அதன்பின் நெடுங்காலம் விமானம் வசதியுள்ளவர்களின் வாகனமாகவே இருந்தது. 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் நிறுவனத்தைத் தொடங்கி, குறைந்த கட்டண விமானப் பயணத்தை நம் நாட்டில் பரப்பினார். அந்நிறுவனம் இன்று இல்லை. ஆனால் அது காட்டிய வழி நிலைத்துவிட்டது. உணவு, கூடுதல் சாமான், விரும்பிய இருக்கை ஆகியவற்றுக்குத் தனிக் காசு; வெறும் பயணத்துக்குக் குறைந்த காசு. இதுவே அவ்வழி.

கட்டணம் குறைய

வாழைப்பழக்காரர் மாலையில் மிஞ்சிய பழத்தை விலை குறைத்து விற்பார். விமானச் சீட்டோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. முதலில் சில இடங்களைக் குறைந்த விலைக்கு விற்று, இடம் நிரம்ப நிரம்ப விலையை ஏற்றுகிறார்கள். கடைசி நேரத்தில் வருபவர் அவசரத்தில் வருபவர். அவர் எவ்வளவானாலும் கொடுப்பார் என்பது அவர்கள் கணக்கு. எனவே முகாம் தேதி தெரிந்தவுடனே சீட்டு வாங்க வேண்டும். தீபாவளி, பொங்கல், மே மாத விடுமுறை நாள்களைத் தவிர்க்கலாம். வார நடுவிலும், விடியற்காலையிலும், பின்னிரவிலும் கட்டணம் பெரும்பாலும் குறைவு.

ஆனால் சீட்டின் விலை மட்டும் செலவாகாது. ஒரு விமானத்துக்கு 3,000 ரூபாய், நள்ளிரவில் இறங்குவதால் வாடகைக் காருக்கு 700 ரூபாய் எனக் கொள்வோம். மற்றொன்றுக்கு 3,400 ரூபாய். பகலில் இறங்குவதால் பேருந்துக்கு 50 ரூபாய். கூட்டிப் பார்த்தால் முதலாவது 3,700, இரண்டாவது 3,450. மலிவாகத் தோன்றியதே அதிகச் செலவாகிவிட்டது!

சில நிறுவனங்கள் மாணவர்களுக்குக் கட்டணத்திலும் சாமான் எடையிலும் சலுகை தருகின்றன. அதற்குப் பள்ளி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். சீட்டில் உள்ள பெயர், அடையாளச் சான்றில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் தண்ணீர் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை; காலிப் புட்டியைக் கொண்டுசென்று உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் பத்து ரூபாய்க்குத் தேநீர் தரும் மலிவு விலைச் சிற்றுண்டிக் கடை ஒன்றும் திறக்கப்பட்டது.

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி உடன் வைத்துக்கொள்ளக்கூடிய பையின் எடை பெரும்பாலும் 7 கிலோ. முகாமுக்கு நாம் கட்டிய 6 கிலோ மூட்டையை நினைவிருக்கிறதா? அதே பை இங்கும் போதும்! அளவாக மூட்டை கட்டக் கற்றவளுக்குக் கூடுதல் எடைக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. கத்தி, கத்தரிக்கோல், கூடாரத்தின் இரும்பு முளை ஆகியவற்றை மட்டும் உடன் வைத்துக்கொள்ளாமல், ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். எரிவாயுக் குப்பி, மண்ணெண்ணெய், கற்பூரம் ஆகியவற்றை எதிலும் வைக்கக் கூடாது. கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் உள்ளதைவிடக் குறைவு. ஏறத்தாழ உதகை மலையில் இருப்பது போன்றது. இறங்கும்போது காது அடைத்தால் மிட்டாய் சுவைத்து எச்சிலை விழுங்கினால் சரியாகும். கைக்குழந்தைக்கு அவ்வேளையில் பால் கொடுக்கலாம். உள்ளே காற்று வறண்டிருக்கும். அவ்வப்போது நீர் அருந்த வேண்டும். குளிருக்கு ஒரு சால்வை போதும்.

அன்புத் தோழியரே! பொருள்களைக் குறைக்கக் கற்றால் பயணம் எளிதாகிறது. பெற்றோர்களே! அடுத்த முகாம் அறிவிப்பு வரும்போது “வேண்டாம்” என்பதற்கு முன், ஒரு தாளும் பேனாவும் எடுத்து எங்களோடு அமர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் கூலி, கட்டணம், பேருந்துக் காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். தனியே படுக்கை விரிக்கவும், அடுப்பு மூட்டவும், பிறரோடு பங்கிட்டு வாழவும் உங்கள் மகள் கற்றுவருவதையும் வரவுப் பக்கத்தில் மறவாமல் எழுதுங்கள்.