சிரட்டையை எறியாதீர்கள்: கோடையில் ஓர் அகப்பை

ஜேர்மனியில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஆறு கிழமை. நாங்கள் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால். ஒரு சனிக்கிழமையையாவது அவர்களுக்கென்று ஒதுக்குவோம். கறிக்கு வாங்கிய தேங்காயின் சிரட்டை போதும். ஓர் அகப்பை செய்யலாம்.

கண் இல்லாத பாதியை எடுங்கள். கண்ணுள்ள பாதி ஒழுகும். ஒட்டியிருக்கும் தேங்காயையும் வெளித்தும்பையும் கத்தியால் சுரண்டி, அரத்தாளால் வழுவழுப்பாகும்வரை தேயுங்கள். தூசு பறக்கும், பல்கனியில் இருந்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

விளிம்புக்குக் கீழே ஒரு விரலளவு விட்டு, எதிரெதிரே இரண்டு துளைகள் போடவேண்டும். ட்றில் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். சுமார் 35 செ.மீ. நீளமான தடியின் ஒரு முனையை ஒடுக்கமாகச் சீவி, இரண்டு துளைகளுக்குள்ளாலும் இறுக்கிச் செலுத்துங்கள். ஆடினால் சிறு ஆப்பு வையுங்கள். சாப்பாட்டில் படுவதால் பசை வேண்டாம். தேங்காயெண்ணெய் பூசி ஓரிரவு விடுங்கள். பாவித்தபின் தண்ணீரில் ஊறவிடாமல் கழுவித் துடைத்து வையுங்கள்.

எங்கள் முதல் அகப்பை கோணலாகத்தான் வந்தது. "இதுக்குத் தமிழில என்ன பேர்?" என்று மகள் கேட்டாள். பத்து வயதுவரை அந்தச் சொல்லை நாங்கள் அவளுக்குச் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது பருப்புக் கறிக்கு, "அகப்பையைத் தாங்கோ" என்கிறாள்.

பள்ளி தொடங்கமுன் நீங்களும் ஒன்று செய்து பாருங்கள்.