கடற்பிராணிகளும் துறைமுக வேலையும்

துறைமுகங் கட்டுவோர் கடலடி நிலத்தில் இரும்புத் தூண்களை அறைந்து இறக்குவர். நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். இது காற்றில் செல்லும் வேகத்தினும் நான்கு மடங்குக்கு மேற்பட்டதாகும். அவ்வோசை வெகுதூரம் பரவி, செவியைக் கொண்டே இரைதேடி வாழும் பல்லுடைத் திமிங்கிலங்களைக் கலங்கச் செய்யும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டம், கடல்வாழ் பாலூட்டும் பிராணிகளைத் துன்புறுத்தலாகாதென விலக்கிற்று. அங்ஙனமாயின் துறைமுகமே கட்டலாகாதோ எனின், அற்றன்று. கருதாமல் நேரும் இடையூறு சிறு தொகையான பிராணிகளையே தொடுவதாயும், அவ்வினத்திற்கு விளையுங் கேடு அற்பமாயும் இருப்பின், ஓராண்டுக்கு மேற்படாத அனுமதி அளிக்கலாமென 1994இல் செய்த திருத்தம் வழிவகுத்தது. பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாள் தவணையும் உண்டு.

அலாஸ்காவிலுள்ள குக் குடாவை நோக்குவோம். அங்கே 1979இல் ஏறத்தாழ 1,300ஆக இருந்த பெலூகா என்னும் வெண்திமிங்கிலங்கள், 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 331ஆகக் குறைந்திருந்தன. மிகுந்த வேட்டையே முதற்காரணமாயினும், வேட்டை ஒடுங்கிய பின்னரும் அவை பழைய தொகைக்கு மீளவில்லை. அக்கரையிலுள்ள ஆங்கரேஜ் துறைமுகமோ அந்நாட்டார்க்கு உணவும் எரிபொருளும் வந்திறங்கும் வாயில். ஆதலின் அங்கு 2020இல் தொடங்கிய கட்டடவேலைக்கு அனுமதி வழங்கியபோது, காவலர் கடலை நோக்கியிருத்தலும், திமிங்கிலம் அணுகின் அறைதலை நிறுத்துதலும் நிபந்தனைகளாக விதிக்கப்பட்டன.

இம்முறையை நாம் நன்றென்றே கொள்கின்றோம். எனினும், ஒவ்வோர் அனுமதியும் தன்னளவில் அற்பமெனத் தோன்றினும், ஆண்டுதோறும் பலவுங் கூடியவிடத்து அற்பமாமோ என்பதை ஆராய்ந்த பின்னரே அதிகாரிகள் கையொப்பமிடல் வேண்டுமென்பது நம் துணிபு.